சட்டத்துக்கு வெளியே ஒரு முன்னாள் உளவாளி: ‘தி ஈக்வலைசர்’ தொடர் எழுப்பும் கேள்வி

அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் 1985 செப்டம்பரில் தொடங்கிய குற்றப் புனைவுத் தொடர் ‘தி ஈக்வலைசர்’. 1989 வரை 88 பகுதிகளாக ஒளிபரப்பான இத்தொடரின் நாயகன் ராபர்ட் மெக்கால், ரகசிய உளவு அமைப்பிலிருந்து மனம் வெறுத்து வெளியேறியவர்.

பழைய செயல்களுக்குப் பரிகாரம் தேடும் அவர், ஆபத்தில் இருப்போர் தன்னை அழைக்கலாம் எனத் தொலைபேசி எண்ணுடன் நாளிதழில் விளம்பரம் செய்கிறார். உதவி கேட்டு வருவோரிடம் கட்டணம் பெறுவதில்லை. தொடர் தொடங்கியபோது 55 வயதாகியிருந்த பிரிட்டிஷ் நடிகர் எட்வர்ட் வுட்வர்ட் இந்த வேடத்தை ஏற்றார்; அதற்காக 1987-இல் கோல்டன் குளோப் விருதும் பெற்றார்.

கதைக்களமான நியூயார்க் நகரில் அக்காலத்தில் ஆண்டுதோறும் 1,000-க்கும் அதிகமான கொலைகள் நிகழ்ந்தன. தொடர் வெளிவருவதற்குச் சில மாதங்களுக்கு முன்பு, 1984 டிசம்பரில், அந்நகரின் சுரங்க ரயிலில் பயணி ஒருவர் நான்கு இளைஞர்களைத் துப்பாக்கியால் சுட்டார். அவர்கள் தன்னைக் கொள்ளையடிக்க முயன்றதாக அவர் கூறினார். அவரைப் பாராட்டியோரும் உண்டு, கண்டித்தோரும் உண்டு. 1987-இல் கொலை முயற்சிக் குற்றச்சாட்டிலிருந்து அவரை விடுவித்த நடுவர் குழு, உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருந்ததை மட்டுமே குற்றமாக அறிவித்தது.

காவல் துறையால் தங்களைக் காக்க இயலாது என்ற அச்சம் பரவியிருந்த சூழலில், மெக்கால் போன்ற ஒருவர் பார்வையாளர்களுக்கு ஆறுதலாகத் தோன்றியதில் வியப்பில்லை. ஆனால், அரசின் பெயரால் செய்த வன்முறைக்காக வருந்துபவர், தனிமனிதராக அதே வழியைக் கையாள்வது எவ்வாறு நியாயமாகும்?

இக்கேள்வி பழையதாகிவிடவில்லை. டென்செல் வாஷிங்டன் நடிப்பில் 2014, 2018, 2023 ஆகிய ஆண்டுகளில் மூன்று திரைப்படங்கள் வெளிவந்தன. குயின் லத்தீஃபா நாயகியாக நடித்த புதிய தொலைக்காட்சித் தொடர் 2021 முதல் 2025 வரை ஒளிபரப்பானது.

புனைவில் குற்றவாளி யார் என்பதைப் பார்வையாளர் முன்பே அறிந்திருக்கிறார்; அதனால் மெக்காலின் தீர்ப்பு பிழையாவதில்லை. நிஜ வாழ்வில் அந்த உறுதி எவருக்கும் கிடைப்பதில்லை. விசாரணை, சாட்சியம், மேல்முறையீடு ஆகியவை தாமதமானாலும் தேவைப்படுவது அதனால்தான்.