மலைவழி வந்த சிறுவர்கள்

சிறுவர்களுக்கான வீர சாகசக் கதைகளில் மலைக்கு என்றும் தனியிடம் உண்டு. விபூதிபூஷண் வந்தியோபாத்தியாயரின் ‘சந்தேர் பஹார்’ 1937-இல் நூலாக வெளிவந்து, வங்கச் சிறுவர்களின் உள்ளத்தைக் கவர்ந்தது. அதன் நாயகன் சங்கரன் ஆப்பிரிக்கா சென்று, வைரம் தேடி மலையேறுகிறான். அவன் விரும்பி ஏறிய மலை அது.

ஐந்தே ஆண்டுகளில், விரும்பாத மலைகளை ஏறிக் கடக்கும் நிலை எண்ணற்ற இந்தியச் சிறுவர்களுக்கு நேர்ந்தது. 1941 டிசம்பர் 23-இல் ஜப்பானிய விமானங்கள் இரங்கூன்மீது குண்டு வீசின. 1942 மார்ச்சில் அந்நகர் வீழ்ந்தது. பர்மாவில் வாழ்ந்த தமிழர், தெலுங்கர், வங்காளியர் எனப் பல இலட்சம் பேர் இந்தியா நோக்கிப் புறப்பட்டனர். சிலர் அரக்கான் மலைத்தொடரைக் கடந்து, சிட்டகாங் வழியாகக் கல்கத்தாவை அடைந்தனர். சிலர் தாமு வழியாக மணிப்பூர் வந்தனர். வேறு சிலர் ஹூக்காங் பள்ளத்தாக்கையும் பாங்சாவ் கணவாயையும் கடந்து அஸ்ஸாமில் லீடோவை எட்டினர். வழியில் மாண்டவர் பதினாயிரம் முதல் ஐம்பதினாயிரம் வரை இருக்கலாம் என மதிப்பிடுவர்.

இவர்களைக் கொன்றவை கதைகளில் வரும் கொடிய விலங்குகள் அல்ல. வாந்திபேதியும் மலேரியாவும் பசியுமே. மே மாதத்தில் மழை தொடங்கியதும் பாதை சேறாயிற்று, ஆறுகள் பெருகின. வெள்ளையர்க்கு ஒரு வழி, இந்தியர்க்கு ஒரு வழி என்று பாகுபாடு காட்டப்பட்டதாக அந்நாளில் கடுங்கண்டனமும் எழுந்தது.

பிழைத்தவர்கள் எவ்வாறு பிழைத்தனர்? கல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த இந்தியத் தேயிலைச் சங்கம் அஸ்ஸாம் தோட்டத் தொழிலாளரைக் கொண்டு வழியெங்கும் முகாம்கள் அமைத்தது. அங்கே கிடைத்த சோறும் மருந்தும் பலரைக் காத்தன. 1942 ஜூனில் டாபா ஆறு கரைபுரண்டபோது, கைல்ஸ் மெக்ரெல் என்பவரும் பாகர்களும் யானைகளைக் கொண்டு அக்கரையில் தவித்தோரை மீட்டனர். பாகர்களும் சுமைகூலிகளும் இல்லையேல் இம்மீட்சி நடந்திராது. எனினும், அவர்களுள் பெரும்பாலோரின் பெயரை வரலாறு குறித்து வைக்கவில்லை.

இரங்கூனில் ‘ஜோதி’ இதழின் ஆசிரியராயிருந்த வெ. சாமிநாத சர்மாவும் அவ்வாண்டு நடந்து வந்தவரே. தம் அனுபவத்தைப் பிற்காலத்தில் தமிழில் நூலாகவே எழுதி வைத்தார். சிறுவர்க்கு இப்பயணத்தைக் கதையாக்க முனைவோர்க்கு அது நல்ல துணை.

அக்கதையில் தனி வீரன் ஒருவனே எல்லா இடரையும் வெல்வதாகக் காட்டினால், அது உண்மைக்குப் புறம்பாகும். நீரைக் காய்ச்சிக் குடித்த தாய், தம்பியைத் தோளில் சுமந்த அண்ணன், முன்பின் அறியாதவர்க்குச் சோறு வடித்த தொழிலாளி, நடக்கமாட்டாமல் வழியில் நின்றுவிட்ட முதியவர் ஆகிய அனைவரும் அதில் இடம்பெறவேண்டும். ஊர் வந்து சேர்ந்த சிறுவன், வந்து சேராதவர்களையும் நினைப்பான் அல்லவா? அந்நினைவையும் கூறும் கதையே இளம் உள்ளங்களுக்கு வீரத்தோடு இரக்கத்தையும் கற்பிக்கும்.