சி.ஏ. பரீட்சைக்கு இன்னும் ஏழே நாள்... உடம்பு ரெடியா?

உங்கள் வீட்டில் சி.ஏ. பரீட்சை எழுதப்போகும் பிள்ளை இருக்கிறதா? இந்நேரம் வீடே ஒரு மாதிரி மாறிப் போயிருக்கும். டி.வி. சத்தம் குறைந்திருக்கும். ராத்திரி ஒன்றரை மணிக்கும் ஒரு அறையில் விளக்கு எரியும். அம்மா ஃப்ளாஸ்க்கில் காபி போட்டு வைத்துவிட்டுத்தான் படுக்கப் போவார். "விடிய விடியப் படிச்சா, பாவம்" என்று அப்பா பக்கத்து வீட்டில் பெருமையோடு சொல்லிக்கொள்வார்.

இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை!

வரி, தணிக்கை, கணக்கியல் இவற்றையெல்லாம் எப்படிப் படிப்பது என்று உங்கள் ஆசிரியர்கள் சொல்லித் தந்திருப்பார்கள். நான் வைத்தியன். அந்தப் பாடங்களைச் சுமந்துகொண்டு பரீட்சை ஹாலில் உட்காரப்போகும் உடம்பைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

பரீட்சை மதியம்... விழிப்பு மட்டும் ராத்திரியா?

சி.ஏ. இன்டர்மீடியட், ஃபைனல் இரண்டுமே மதியம் 2 மணிக்குத்தான் ஆரம்பம். பெரும்பாலான தாள்களுக்கு 1.45-க்கே கேள்வித்தாளைக் கையில் கொடுத்துவிடுவார்கள். எழுதி முடிக்க 5 மணி ஆகும். ஃபைனலின் ஆறாவது தாள் மட்டும் நான்கு மணி நேரம். புத்தகத்தைப் பார்த்தே எழுதலாம் என்றாலும், 6 மணி வரை மூளை ஓடியாக வேண்டும்.

மதியம் 1 மணியிலிருந்து 3 மணிக்குள் உடம்புக்கு இயற்கையாகவே ஓர் அசதி வரும். சாப்பிடாவிட்டால்கூட வரும்! சித்த மருத்துவம் ஒரு நாளை ஆறு சிறுபொழுதாகப் பிரிக்கிறது. காலை 10 முதல் 2 வரை பித்தத்தின் நேரம். பசியும் செரிமானமும் நன்றாக இருக்கும். 2 முதல் 6 வரை கபத்தின் நேரம், மந்தம் தட்டும். சி.ஏ. பரீட்சை சரியாக அந்த மந்த நேரத்தில்தான் நடக்கிறது.

ராத்திரி 3 மணி வரை விழித்து, காலை 10-க்கு எழுந்து, சாப்பிட்டுவிட்டு மதியம் மறுபடி தூங்கிப் பழகிய பிள்ளைக்கு 2 மணிக்கு என்ன வரும்? கொட்டாவிதான் வரும்!

உங்கள் பாஷையிலேயே ஒரு கணக்குப் போடுவோம். 180 நிமிடத்தில் 100 மார்க். அரைமணி நேரம் கண் சொக்கினால் 16 மார்க்குக்கு எழுத வேண்டிய நேரம் போய்விட்டது. ஒவ்வொரு தாளிலும் 40, மொத்தத்தில் 50 சதவிகிதம் எடுத்தால்தான் ஒரு குரூப் தேறும். ஒரு தாள் சறுக்கினால் குரூப்பே சறுக்கும். ராத்திரி விழித்துச் சேர்த்ததை மதியம் தூங்கித் தொலைப்பது லாபமா, நஷ்டமா? நீங்களே சொல்லுங்கள்.

கடிகாரத்தைத் திருப்புங்கள்

கடைசி வாரத்தின் முக்கியமான வேலை இதுதான். தூங்கும் நேரத்தை தினம் முக்கால் மணி, ஒரு மணி என்று முன்னால் நகர்த்துங்கள். பரீட்சைக்கு இரண்டு நாள் முன்பாகவே ராத்திரி பத்தரைக்குப் படுத்து, காலை ஐந்தரை, ஆறுக்கு எழுகிற பழக்கம் வந்துவிட வேண்டும். படித்தது மனதில் பதிவதே தூக்கத்தில்தான். தூக்கத்தைக் குறைத்தால் படித்ததையே குறைத்த மாதிரி.

பகல் தூக்கம் இந்த வாரம் வேண்டவே வேண்டாம். அதற்குப் பதில் 2 மணிக்கு மேஜையில் உட்காருங்கள். இரண்டு நாளாவது பழைய கேள்வித்தாள் ஒன்றை எடுத்து, 2 முதல் 5 வரை செல்போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, எழுந்திருக்காமல் பேனாவால் எழுதிப் பாருங்கள். கைவலி, முதுகுவலி, நேரம் போதாமை எல்லாம் வீட்டிலேயே தெரிந்துவிடும். புதுப் பாடத்தைத் தொடாதீர்கள். தெரிந்ததைத் திருப்பிப் பார்த்தால் போதும்.

காபி குடிப்பவர்கள் திடீரென்று நிறுத்தாதீர்கள், தலைவலி வரும். ஆனால் மாலை 4 மணிக்குப் பிறகு வேண்டாம். குடித்ததில் பாதி, ஐந்தாறு மணி நேரம் கழித்தும் உடம்பில் தங்கியிருக்கும்.

தாளுக்குத் தாள் இடையில் கிடைக்கும் நாட்களிலும் இதே கடிகாரம்தான். "நாளைக்கு லீவுதானே" என்று ராத்திரி கண் விழித்தால் போட்ட உழைப்பெல்லாம் வீண்.

அடுப்படி ரகசியம்

அம்மாக்களே, இந்த வாரம் உங்கள் கையில்தான் இருக்கிறது! ஹோட்டல் பார்சலுக்கு விடுமுறை விடுங்கள். காய்ச்சி ஆறவைத்த தண்ணீரையே கொடுங்கள். ராத்திரி தயிர் வேண்டாம். இட்லி, இடியாப்பம், பால் என்று இலேசாக இருக்கட்டும்.

பரீட்சையன்று பதினொன்றரை மணிக்கு மதியச் சாப்பாடு முடிந்துவிட வேண்டும். கொஞ்சம் சாதம், மிளகு ரசம், ஒரு காய், நீர்மோர். முக்கால் வயிறு போதும். பொரியலும் அப்பளமும் வடையும் வைத்து, "தெம்பு வேணுமே" என்று தட்டை நிரப்பாதீர்கள். அந்தத் தெம்பு தூக்கமாகத்தான் வரும்.

சித்த மருத்துவத்தில் அடக்கக் கூடாத வேகங்கள் என்று பதினான்கைச் சொல்வார்கள். பசி, தாகம், தூக்கம், மலம், சிறுநீர் எல்லாம் அதில் உண்டு. படிக்கிற பிள்ளைகள் அடக்குவது இவற்றைத்தான்! ஹாலில் எழுந்து போக வேண்டுமே என்று காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் போகாதீர்கள். முற்பகலில் நன்றாகக் குடித்து, ஒரு மணிக்கு மேல் மடக்கு மடக்காகக் குடியுங்கள். உள்ளே போகுமுன் சிறுநீர் கழித்துவிடுங்கள்.

பயத்தில் வயிறு கலங்குவது சகஜம். ஓமத்தைக் கொதிக்கவைத்து வடிகட்டி அரை டம்ளர் குடித்தால் இதமாக இருக்கும். பேதி தொடர்ந்தால் உப்பு-சர்க்கரைக் கரைசல் பாக்கெட்டைக் கரைத்துக் கொடுத்து டாக்டரிடம் காட்டுங்கள்.

"ஞாபக சக்திக்கு லேகியம் கொடுங்க!"

பரீட்சை சீசனில் என்னிடம் வருகிறவர்கள் கேட்பது இதைத்தான். "டாக்டர், ஒரே வாரம்தான் இருக்கு. வல்லாரை லேகியம் ஏதாவது கொடுங்களேன்."

வல்லாரை நல்ல மூலிகைதான். ஆனால் இன்று சாப்பிட்டு அடுத்த வாரம் பலன் கேட்க முடியாது. சிலருக்கு வயிற்றைப் புரட்டும். அளவு மீறினால் மந்தமும் தரும். கடைசி வாரத்தில் எந்தப் புது மருந்தும் வேண்டாம் என்பதே என் வைத்தியம். வயிற்றைச் சுத்தம் செய்கிறேன் என்று பேதி மருந்து கொடுக்காதீர்கள். எண்ணெய்க் குளியல் பழக்கமில்லாத பிள்ளைக்கு இந்த வாரம் புதிதாக ஆரம்பிக்காதீர்கள். விழித்திருக்க ஒன்று, தூங்க ஒன்று என்று நண்பர்கள் நீட்டும் மாத்திரைகளைத் தொடவே கூடாது. அதே சமயம், ஆஸ்துமா, தைராய்டு என்று வழக்கமாகச் சாப்பிடும் மருந்தை ஒரு வேளைகூட விடாதீர்கள்.

அப்பாக்களுக்கு ஒரு வார்த்தை

"இது மூணாவது அட்டெம்ப்ட். இந்தத் தடவையாவது..." என்று ஆரம்பிக்கும் எந்த வாக்கியத்தையும் முடிக்காதீர்கள். அது பிள்ளைக்குத் தெரியும். உங்களைவிட நன்றாகவே தெரியும். 2025 முதல் ஃபைனல் பரீட்சையும் வருடத்துக்கு மூன்று தடவை நடக்கிறது. பரீட்சை திரும்ப வரும், பிள்ளை அப்படியல்ல.

ஆமாம், இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். இரண்டு ராத்திரி சேர்ந்தாற்போல் தூங்கவில்லை, சாப்பாட்டைத் தொடவில்லை, காரணமில்லாமல் அழுகிறாள், "நான் இருந்து யாருக்கு என்ன பிரயோஜனம்?" என்கிறான்... இப்படி எது தெரிந்தாலும் "பரீட்சை முடியட்டும், பார்க்கலாம்" என்று தள்ளாதீர்கள். தனியாக விடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். அன்றைக்கே மனநல டாக்டரிடம் அழைத்துப் போங்கள். 14416 என்ற அரசின் இலவச மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் பேசலாம். இதற்கு என்னைத் தேடி லேகியத்துக்கு வந்து நேரத்தைக் கடத்த வேண்டாம்.

முதல் நாள் மாலை

* ஹால் டிக்கெட், அடையாள அட்டை, பேனா, கால்குலேட்டர் எல்லாம் பையில் வந்துவிட்டதா?
* சென்டர் எங்கே, எவ்வளவு நேரம் ஆகும் என்று முன்னமே போய்ப் பார்த்தாயிற்றா?
* ஒன்பதரைக்குப் புத்தகத்தை மூடுங்கள். உள்ளங்காலில் கொஞ்சம் நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு படுங்கள்.
* தூக்கம் வரவில்லையா? பதறாதீர்கள். விளக்கை அணைத்து, கண்ணை மூடி, மூச்சை மெதுவாக விடுங்கள். படுத்திருப்பதே பாதி ஓய்வு.

எழுதி முடித்து வந்ததும் "அந்தக் கேள்விக்கு என்ன விடை போட்டே?" என்று யாரும் கேட்கக் கூடாது. "வா, கை கழுவு, சாப்பிடலாம்" என்று மட்டும் சொல்லுங்கள். அடுத்த தாளுக்கு அதைவிட நல்ல மருந்து என்னிடம் இல்லை!