மலைச் சைக்கிள் டூர்: காசு சைக்கிளுக்கா, கூட வர்ற ஆளுக்கா?

லாங் வீக்எண்ட் நெருங்கினாலே இன்ஸ்டாகிராமில் அந்த விளம்பரம் வந்துவிடும். பனி மூடிய மலைப்பாதை, தடித்த டயர் சைக்கிள்கள், ஹெல்மெட் போட்ட பத்து பேர். கட்டணத்தைப் பார்த்ததும் நமக்குள் வரும் முதல் கேள்வி: 'சைக்கிள் மிதிக்கிறதுக்கு இவ்ளோ காசா?'

நியாயமான கேள்விதான். பதில் தெரிய, அந்த போட்டோவில் இல்லாத ஆட்களைப் பார்க்க வேண்டும்.

யார் அந்த ஆட்கள்?

இந்தத் தொழிலில் பெரும்பாலும் சின்ன நிறுவனங்கள்தான். நாலைந்து பேர் சேர்ந்து எல்லா வேலையையும் பார்ப்பார்கள்.

முன்னால் போகிறவர் வழிகாட்டி. எந்த வளைவில் ஜல்லி கிடக்கும், எங்கே யானைத் தடம் குறுக்கிடும், மழை வந்தால் எங்கே ஒதுங்கலாம் என்பதெல்லாம் அவர் தலையில் இருக்க வேண்டும். அதற்காக, நீங்கள் வருவதற்கு முன்பே அதே பாதையில் பலமுறை மிதித்திருப்பார்.

கடைசியில் வருகிறவர் இன்னொருவர். குழுவில் யார் மெதுவாக வந்தாலும் அவர்களை முந்தாமல் பின்னாலேயே வருவது அவர் வேலை. மூச்சு வாங்கி நிற்கிறவருக்குத் தண்ணீர் கொடுப்பவரும் 'அவசரமில்லை, மெதுவா வாங்க' என்று சொல்பவரும் அவர்தான்.

அடுத்து மெக்கானிக். பஞ்சர் ஒட்டினால் மட்டும் போதாது. பின்சக்கர கியரைத் தாங்கும் ஒரு சின்ன உலோகத் துண்டு இருக்கிறது. சைக்கிள் கீழே விழுந்தால் அது வளைந்துவிடும், கியர் மாறாது. மாடலுக்கு மாடல் அந்தத் துண்டு வேறு. மலை உச்சியில் எந்தக் கடையில் கிடைக்கும்? அதைக் கையோடு எடுத்து வருபவர்தான் நல்ல மெக்கானிக். இவர்களோடு வேன் ஓட்டுகிறவர், சாப்பாடு போடும் உள்ளூர்க் குடும்பம்.

சீசன் இல்லாத மாதங்களிலும் இவர்களுக்கு வீட்டு வாடகை உண்டு. கட்டணத்தில் அதுவும் அடங்கியிருக்கிறது.

எங்கே தொடங்கியது?

1970களில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், மரின் கவுண்டி மலைச்சரிவில் சில இளைஞர்கள் பழைய கனமான சைக்கிள்களில் இறங்கி விளையாடினார்கள். 1976இல் அதையே பந்தயமாக்கினார்கள். ஒரு தடவை இறங்கினாலே பின்சக்கர பிரேக்கின் கிரீஸ் சூட்டில் எரிந்துபோகும். திரும்பவும் கிரீஸ் அடைக்க வேண்டும். அதனால் அந்தப் பாதைக்கே 'ரீபேக்' என்று பெயர் வந்தது. அந்தக் கூட்டத்தில் இருந்த கேரி ஃபிஷரும் சார்லி கெல்லியும் 1979இல் மலைச் சைக்கிள் விற்கும் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் இந்த விளையாட்டு இடம்பிடித்தது. ஆக, ஆசைக்கு மிதித்தவர்கள்தான் இதைத் தொழிலாக்கினார்கள். நம் பக்கத்தில் நீலகிரியைச் சுற்றும் 'டூர் ஆஃப் நீல்கிரிஸ்' 2008இல் தொடங்கியது.

கந்தர்வக்கோட்டைக்கு என்ன சம்பந்தம்?

தஞ்சாவூர் - புதுக்கோட்டை சாலையில் இருக்கும் ஊர் கந்தர்வக்கோட்டை. செம்மண், முந்திரிக்காடு, சமதளம். மலை என்று பார்க்க வேண்டுமானால் நார்த்தாமலை பாறைக்குன்றுகள் வரை போக வேண்டும். ஆனால், பழக்கமே இல்லாத ஒருவரைச் சைக்கிளில் ஏற்றி, பயம் போகும்வரை கூடவே ஓடிவருவதில் புதுக்கோட்டை மாவட்டத்துக்குப் பெரிய அனுபவம் உண்டு.

1991. அறிவொளி இயக்கத்தின் எழுத்தறிவுப் பணி நடந்துகொண்டிருந்த நேரம். அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், பெண்கள் சைக்கிள் கற்பதையும் அந்தப் பணியோடு சேர்த்தார். சைக்கிள் வாங்கப் பெண்களுக்கு வங்கிக் கடன் கிடைக்க ஏற்பாடு செய்தார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப்புறப் பெண்கள் சைக்கிள் பழகினார்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். விவசாயக் கூலிகள், கல்குவாரித் தொழிலாளர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள் என எல்லோரும் அதில் இருந்தார்கள். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது ஆண்கள் சைக்கிளையே எடுத்துக்கொண்டார்கள். குழந்தையை உட்காரவைக்க அதன் குறுக்குக் கம்பி வசதி என்று அதையே விரும்பியவர்களும் உண்டு.

இத்தனை பேர் எப்படிப் பழகினார்கள்? முதலில் கற்றவர் அடுத்தவருக்குக் கற்றுக்கொடுத்தார், காசு வாங்காமல். சீட்டைப் பின்னால் பிடித்துக்கொண்டு ஓட ஆள் கிடைத்ததுதான் அந்த இயக்கத்தின் பலம். மலைச் சைக்கிள் நிறுவனத்தில் கடைசியில் வருகிறவர் செய்வதும் கிட்டத்தட்ட அதே வேலைதான்.

ஆள் சரியில்லை என்றால்?

2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில், மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கினார்கள். 20க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதன் பிறகு தமிழ்நாடு அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் கொண்டுவந்தது. 2024இல் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் 40 பாதைகள் திறக்கப்பட்டன. காட்டை அறிந்த உள்ளூர் இளைஞர்கள், பழங்குடியினர் உட்பட, வழிகாட்டிகளாகப் பயிற்சி பெற்றார்கள். நடந்து போனாலும் சைக்கிளில் போனாலும் காப்புக்காடு காப்புக்காடுதான். வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே போகக் கூடாது.

புக் செய்யும் முன் கேளுங்கள்

1. பாதைக்கு வனத்துறை அனுமதி வாங்கியாச்சா? நகலைக் காட்ட முடியுமா?
2. முன்னால் யார், கடைசியில் யார்? இரண்டு இடத்துக்கும் ஒரே ஆள் என்றால் யோசியுங்கள்.
3. முதலுதவிப் பயிற்சி யாருக்கு இருக்கிறது? பக்கத்து ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்?
4. வழிகாட்டி உள்ளூர்க்காரரா? அவருக்குச் சம்பளமா, வெறும் டிப்ஸா?
5. வழியில் முடியாமல் போனால் ஏறிக்கொள்ள வேன் வருமா?

தயங்காமல், தெளிவாகப் பதில் சொல்கிறவர்களிடம் காசு கொடுக்கலாம். 'அதெல்லாம் பாத்துக்கலாம் ப்ரோ' என்றால் வேறு இடம் பாருங்கள்.

சித்தன்னவாசல், நார்த்தாமலை, முந்திரிக்காட்டு மண்பாதை என்று சைக்கிள் சுற்றுலாவுக்குத் தோதான இடங்கள் புதுக்கோட்டையிலும் இருக்கின்றன. நாளைக்கே யாராவது கந்தர்வக்கோட்டையில் அப்படியொரு நிறுவனம் தொடங்கினால், வழிகாட்ட வெளியூரில் ஆள் தேட வேண்டியதில்லை. 1991இல் இருபது வயதில் சைக்கிள் பழகிய அக்காக்களுக்கு இப்போது ஐம்பதைத் தாண்டியிருக்கும். வேலைக்கு ஆள் எடுக்கும்போது முதலில் அவர்கள் வீட்டுப் பெண் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள்.