ஒரே கோப்பை இருபது தடவை இறக்கும் கணினி அறைகள்

நெல்லியடியில் ஒரு பாடசாலைக் கணினி அறையை எடுத்துக்கொள்வோம். இருபது கணினிகள், ஒரு 4ஜி ரவுட்டர், மாதத்துக்கு இவ்வளவுதான் என்று அளந்து கிடைக்கும் டேட்டா. விண்டோஸ் அப்டேட் ஒன்று 800 எம்பி என்று வைத்தால், இருபது கணினிகளும் தனித்தனியே அதை இறக்க 16 ஜீபி போய்விடும். மாதம் பாதியாகும் முன்பே இணையம் நின்றுவிடுகிறது. சாதாரண தரப் பிள்ளைகளின் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடம் கரும்பலகைக்குத் திரும்பிவிடுகிறது. புத்தளத்திலோ மூதூரிலோ ஒரு பாடசாலையை, அல்லது கணினி வகுப்பு நடத்தும் ஒரு மத்ரஸாவை எடுத்தாலும் கணக்கு இதுதான்.

இதற்குப் பலர் செய்யும் வேலை, அப்டேட்டையே நிறுத்திவிடுவது. அது ஆபத்தானது. 2017 மே மாதம் ‘வன்னகிரை’ என்ற வைரஸ் உலகெங்கும் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டது. பிரித்தானிய அரச வைத்தியசாலைகளில் சிகிச்சைகள் தடைப்பட்டன. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசொஃப்ட் இரண்டு மாதங்களுக்கு முன்னர், மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. அதைப் போடாத கணினிகள்தான் பெருமளவில் அகப்பட்டன.

உண்மையில் 16 ஜீபி செலவழிக்க வேண்டிய தேவையே இல்லை. 2015இல் விண்டோஸ் 10 வந்தபோதே ‘டெலிவரி ஒப்டிமைசேஷன்’ என்ற வசதியும் அதனுடன் வந்தது. ஒரு கணினி இறக்கிய அப்டேட்டைத் துண்டு துண்டாகப் பக்கத்துக் கணினிக்குக் கொடுப்பதே அதன் வேலை. ஒரு மாணவன் நூலகத்திலிருந்து எடுத்துவந்த நூலை மற்றவர்கள் வகுப்பிலேயே கைமாற்றிப் படிப்பது போன்றது. ‘பக்கத்துக் கணினியில் வைரஸ் இருந்தால் அதுவும் வந்துவிடாதா?’ என்று கேட்பவர்கள் உண்டு. வரும் ஒவ்வொரு துண்டும் மைக்ரோசொஃப்ட் தந்த அடையாளத்துடன் ஒப்பிட்டுப் பார்க்கப்படுகிறது. பொருந்தாதது பயன்படுத்தப்படுவதில்லை.

இது உங்கள் அறையில் வேலை செய்கிறதா என்று பார்ப்பது சுலபம். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட், அதற்குள் அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ், அதற்குள் டெலிவரி ஒப்டிமைசேஷன். முதலில் பகிர்வு ‘ஒன்’ ஆக இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே இரண்டு தெரிவுகள் இருக்கும். உள்ளூர் வலையமைப்பில் உள்ள கணினிகள் மட்டும் என்பதையே தெரிவுசெய்யுங்கள். மற்றதைத் தெரிந்தால் உங்கள் டேட்டாவில் ஊர்பேர் தெரியாதவர்களுக்கும் அனுப்ப நேரிடும். பிறகு அதே இடத்திலுள்ள ‘அக்டிவிட்டி மொனிட்டர்’ஐத் திறவுங்கள். மைக்ரோசொஃப்டிலிருந்து எத்தனை வீதம் வந்தது, உள்ளூர்க் கணினிகளிலிருந்து எத்தனை வீதம் வந்தது என்று அது காட்டும். எல்லாக் கணினிகளிலும் உள்ளூர்ப் பங்கு பூச்சியம் என்றால் எங்கேயோ தடை இருக்கிறது.

தடை பெரும்பாலும் ரவுட்டரில்தான். ஒரே வைஃபையில் இருக்கும் கருவிகள் ஒன்றையொன்று பார்க்காதபடி தடுக்கும் ‘ஐசோலேஷன்’ அமைப்பு சில ரவுட்டர்களில் இருக்கிறது. விருந்தினருக்கான ‘கெஸ்ட்’ வைஃபையில் இது அநேகமாக இயங்கிக்கொண்டே இருக்கும். எல்லாக் கணினிக்கும் இணையம் கிடைப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. அடுத்து, பாதிக் கணினிகள் ரவுட்டரிலும் மீதி டொங்கிளிலும் இயங்கினால் அவை வெளியே வெவ்வேறு முகவரிகளுடன் தெரியும். ஒரே மேசையில் இருந்தாலும் ஒன்றையொன்று அயலவராகக் கருதாது. தனியாகப் போட்ட அன்ரிவைரஸின் ஃபயர்வோல் 7680 என்ற போர்ட்டை அடைத்திருந்தாலும் பகிர்வு நடக்காது. விபிஎன் இயங்கிக்கொண்டிருந்தாலும் அப்படியே. 2018 மார்ச்சில் சமூக ஊடகங்கள் தடுக்கப்பட்டபோது போட்ட விபிஎன் இன்னும் சில கணினிகளில் கிடக்கிறது. டேட்டாவை மிச்சப்படுத்துவதாக நினைத்து இணைப்பை ‘மீட்டர்ட்’ என்று குறித்துவைத்திருந்தால் அதையும் பாருங்கள். அந்தக் குறிப்பு இருக்கும்வரை கணினி பிறருக்குக் கொடுக்காது.

நேரம் பற்றிய ஒரு விடயம் இருக்கிறது. இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இறக்கிய கோப்பைக் கணினி பகிர்வதற்காக வைத்திருப்பது, மாற்றாமல் விட்டால், மூன்று நாட்களுக்குத்தான். திங்கள் ஐந்து கணினி, வெள்ளி ஐந்து கணினி என்று முறைவைத்து இயக்கும் அறையில் வெள்ளிக்கிழமை கொடுப்பதற்கு எதுவும் மிஞ்சியிராது. மைக்ரோசொஃப்டின் மாதாந்த அப்டேட் மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வெளியாகிறது. இலங்கையில் அது செவ்வாய் இரவு. ஆகவே அடுத்த நாள் புதன்கிழமை காலையில் ஒரு கணினியை மட்டும் போட்டு முழுதாக இறக்க விடுங்கள். அது முடிந்த பிறகு அதை நிறுத்தாமல் மற்றவற்றை இயக்குங்கள். முதலாவது மடிகணினி என்றால் சார்ஜரில் இருக்க வேண்டும். பற்றரியில் இயங்கும்போது அது பிறருக்குக் கொடுப்பதில்லை. இணையத்தை இடையில் துண்டித்துவிடவும் வேண்டாம். பக்கத்தில் யாரிடம் கோப்பு இருக்கிறது என்பதை மைக்ரோசொஃப்டின் சேவையிடம் கேட்டுத்தான் கணினி அறிந்துகொள்கிறது. அதற்குச் செலவாகும் டேட்டா அற்பம்.

‘டீப் ஃப்ரீஸ்’ போட்ட அறைகளில் அதை நீக்கிவிட்டு அப்டேட் செய்து மீண்டும் போட வேண்டும். இல்லையேல் கணினியை மறுபடி இயக்கியதும் எல்லாம் அழிந்து, அதே கோப்பு மீண்டும் இறங்கும்.

வெளிநாட்டிலுள்ள பழைய மாணவர்களும் கொடையாளர்களும் கணினிகள் தருகிறார்கள், நன்றிக்குரிய காரியம். ஆனால் 2 ஜீபி ரேம் உள்ள பழைய கணினிகளே அதிகம் வந்து சேருகின்றன. இந்தப் பகிர்வில் சேர ஆகக் குறைந்தது 4 ஜீபி வேண்டும். விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவும் 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. இருபது பழைய கணினிகளைவிடப் பத்து நல்ல கணினிகளும் ஒரு வருட இணையக் கட்டணமும் மேல் என்பதே என் கருத்து. கொடுக்கும்போது ரவுட்டரின் நிர்வாகக் கடவுச்சொல்லையும் எழுதிக் கொடுங்கள். பல பாடசாலைகளில் அது பொருத்த வந்தவரின் தொலைபேசியில் மட்டும்தான் இருக்கிறது. அது இல்லாமல் மேலே சொன்ன ஐசோலேஷனை ஓர் ஆசிரியரால் நீக்கவே முடியாது.