மூட்லியா, முதலியா?

டர்பன் விமான நிலையத்திலிருந்து என்னை அழைத்துச் சென்ற வாடகைக்கார் ஓட்டுநர் ஸூலு இனத்தவர். “சவுபோனா” என்று வணக்கம் சொல்லக் கற்றுக்கொடுத்த கையோடு, “நீ நாயுடுவா, பிள்ளையா?” என்று கேட்டார். இரண்டும் இல்லை என்றேன். “அப்படியென்றால் கோவெண்டர்தான்!” என்றார் உறுதியாக. அவருக்குத் தெரிந்த தென்னிந்தியர் எல்லாருக்கும் இப்படி ஒரு குடும்பப் பெயர் இருந்தது. சிங்கப்பூரில் நாங்கள் அப்பாவின் பெயரைத்தான் சேர்த்துக்கொள்வோம் என்று விளக்கி முடிப்பதற்குள் கடல் தெரியத் தொடங்கிவிட்டது.

சென்ற ஜூலை விடுமுறையில் பத்து நாள் அங்கே தங்கினேன். மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் எங்கள் பல்கலைக்கழகத்திற்கு ஒரு பருவம் படிக்க வந்த தோழியின் வீடு அது. தென்னாப்பிரிக்காவில் ஜூலை என்றால் குளிர்காலம். ஆனால் அம்மா கட்டாயப்படுத்திப் பெட்டியில் திணித்த கம்பளிச் சட்டைகளை நான் வெளியே எடுக்கவே இல்லை. வெப்ப நீரோட்டம் ஒன்று கரையை ஒட்டி ஓடுவதால் அந்த மாதத்திலும் டர்பனில் கடலில் இறங்கிக் குளிக்கலாம்.

‘கோல்டன் மைல்’ கடற்கரையில் காலையில் நடந்தோம். அலைச்சறுக்குப் பலகையுடன் ஸூலு இளையர்கள், முக்காடு அணிந்த பெண்கள், நாயுடன் நடந்த வெள்ளைக்கார முதியவர், தூண்டில் போட்டுக் காத்திருந்த இந்தியத் தாத்தாக்கள். “எங்கள் ஈஸ்ட் கோஸ்ட் பார்க் மாதிரியே இருக்கிறது” என்றேன். தோழியின் அப்பா சிரித்தார். அவர் சிறுவனாக இருந்தபோது இந்தக் கரையில் வெள்ளையர் மட்டுமே குளிக்கலாமாம். ஒவ்வோர் இனத்துக்கும் தனித்தனிக் கரை. 1989ஆம் ஆண்டின் இறுதியில்தான் நாட்டின் எல்லாக் கடற்கரைகளும் எல்லாருக்கும் திறந்துவிடப்பட்டன. வீவக புளோக்குகளில் எல்லா இனத்தவரும் கலந்து வாழவேண்டும் என்ற கொள்கை சிங்கப்பூரில் அறிமுகமானதும் அதே 1989இல்தான். தேர்வுக்காக மனப்பாடம் செய்த ஆண்டு. அதற்குமேல் அதைப் பற்றி நான் யோசித்ததே இல்லை.

நகர மையத்தில் பழைய கிரே தெருவுக்கு இப்போது டாக்டர் யூசுஃப் டாடூ தெரு என்று பெயர். அங்கே ஜும்மா பள்ளிவாசலும் கத்தோலிக்கப் பேராலயமும் அடுத்தடுத்து நிற்கின்றன. பக்கத்திலுள்ள விக்டோரியா தெருச் சந்தையில் மசாலாத் தூள்களைக் கோபுரம் கோபுரமாகக் குவித்திருக்கிறார்கள். அவற்றில் மிகக் காரமான ஒன்றின் பெயர் ‘மாமியார் ஒழிப்பான்’. அம்மாவுக்கு ஒரு பொட்டலம் வாங்கினேன். பாட்டியிடம் இன்னும் பெயரை மொழிபெயர்த்துச் சொல்லவில்லை.

மதிய உணவு ‘பன்னி சௌ’. முயலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ரொட்டியின் நடுவைக் குடைந்து ஆட்டுக்கறிக் குழம்பை ஊற்றித் தருகிறார்கள். கால் ரொட்டியையே என்னால் முடிக்க முடியவில்லை.

1860ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் தேதி, சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ கப்பல் டர்பனை வந்தடைந்தது. அப்போது தொடங்கி 1911 வரை, கரும்புத் தோட்டங்களிலும் பிற இடங்களிலும் வேலை செய்ய 152,184 இந்தியர்கள் ஒப்பந்தத் தொழிலாளர்களாகக் கொண்டுவரப்பட்டனர். ஒவ்வொருவருக்கும் ஓர் எண். பெயர், தந்தையின் பெயர், வயது, சாதி, ஊர், உடலில் உள்ள தழும்பு வரை பதிவேட்டில் எழுதினார்கள். தோழியின் வீட்டில் அவர்களுடைய முன்னோரின் எண் எல்லாருக்கும் மனப்பாடம். தமிழ்தான் தெரியாது. ஆயா, தாத்தா, அக்கா, அண்ணா என்ற உறவுச் சொற்களும் சில சமையல் சொற்களும் எஞ்சியிருக்கின்றன.

அதற்கு அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. அரசுப் பள்ளிகளில் நீண்ட காலம் தமிழுக்கு இடமே இல்லை. கோயில்களும் சங்கங்களும் மாலை நேரத்தில் நடத்திய வகுப்புகள்தான் இருந்தன. மதித்துப் பேணவேண்டிய மொழிகளில் ஒன்றாகத் தமிழை இன்று அந்நாட்டின் அரசமைப்புச் சட்டம் குறிப்பிடுகிறது. ஆனால் அதிகாரத்துவ மொழி அல்ல. எனக்கோ தொடக்கநிலை ஒன்று முதல் அரசாங்கமே ஆசிரியரைக் கொடுத்தது. அப்படியும் வீட்டில் தம்பியிடம் நான் பேசுவது ஆங்கிலம்தான்.

ஞாயிற்றுக்கிழமை சாட்ஸ்வொர்த்தில் ஒரு சிறிய மாரியம்மன் கோயிலுக்குப் போனோம். இன ஒதுக்கல் காலத்தில் இந்தியர்களுக்கென்று ஒதுக்கப்பட்ட வட்டாரம் அது. ஆடி மாதம் என்பதால் கூழ் ஊற்றினார்கள். கேழ்வரகுக் கூழ் அல்ல, மக்காச்சோள மாவில் காய்ச்சியது. லேசான புளிப்பு. பிறகு பெண்கள் வட்டமாக அமர்ந்து தேவாரம் பாடினார்கள். கையிலிருந்த புத்தகத்தில் ஒரு தமிழெழுத்துகூட இல்லை, எல்லாம் ஆங்கில எழுத்தில். ஆனால் பாதிப் பேர் புத்தகத்தைத் திறக்கவே இல்லை.

பாடி முடித்ததும் தோழியின் ஆயா என் பக்கம் திரும்பினார். “அறுபது வருஷமாகப் பாடுகிறேன். இதற்கு என்ன அர்த்தம், கண்ணு?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். ‘கண்ணு’ மட்டும் தமிழ்.

சாதாரண நிலைத் தேர்வில் தமிழில் ஏ1 வாங்கியவள் நான். கடவுளைப் பற்றியது, மலர், நிலவு, ஆறு எல்லாம் வருகிறது என்றேன். அதற்குமேல் ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. ஆயா பொறுமையாகத் தலையாட்டினார். “அது எனக்கும் தெரியும்” என்றார்.

அந்த நேரம் பார்த்து ஒரு சிறுவன் தாளும் பேனாவும் கொண்டுவந்து, தன் பெயரைத் தமிழில் எழுதித் தரச் சொன்னான். நான் தப்பித்தேன் என்று நினைத்தேன். குடும்பப் பெயரில் மறுபடியும் மாட்டிக்கொண்டேன். அவனுடையது மூட்லி. ‘முதலி’ என்ற சாதிப் பட்டம்தான் ஆங்கில எழுத்தில் இப்படித் திரிந்தது. எதை எழுதுவது? சரியான தமிழ் என்று முதலி போட்டால், அவன் அறியாத ஒரு சாதியை நானே அவன்மேல் ஒட்டுவதுபோல இருந்தது. மூட்லி என்று எழுதினால் என் தமிழாசிரியர் சிவப்பு மையில் வட்டமிடுவார். இரண்டையும் எழுதி ஆயாவிடம் காட்டினேன்.

படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டார். “கப்பலில் ஏறியவர் முதலி. இவன் மூட்லி. அப்படியே எழுது.”

எழுதினேன். பின்னால் வரிசை நின்றது. நாயுடு, படையாச்சி, கோவெண்டர் என்று இருபது பேருக்காவது எழுதியிருப்பேன்.

ஊர் திரும்பியதும் என் பழைய தமிழாசிரியரைத் தேடிப் போனேன். ஆயாவின் புத்தகத்தைக் கைப்பேசியில் படம்பிடித்து வந்திருந்தேன். வாரம் ஒரு பாடலுக்கு அவர் பொருள் சொல்கிறார். அதை எளிய ஆங்கிலத்தில் குரல் பதிவாக டர்பனுக்கு அனுப்புகிறேன். இதுவரை ஐந்து முடிந்திருக்கிறது. புத்தகத்தில் நாற்பத்திரண்டு பாடல்கள்.