மழைவெள்ளத்தின் விலையை யார் கொடுப்பது?

மண்ணில் விழும் மழைநீர் ஊறுகிறது. கான்கிரீட்டில் விழுவது ஓடுகிறது. ஓடும் நீரைப் பெருக்குவோரே அதை வடிக்கும் செலவையும் ஏற்க வேண்டும் என்பதே மழைநீர்க் கட்டணத்தின் அடிப்படை.

அமெரிக்காவின் பெல்வியூ நகரம் 1974இல் இதற்கெனத் தனி அமைப்பை உருவாக்கியது. பின்னர் பல நகரங்கள் அவ்வழியே சென்றன. நகர மன்றம் சட்டம் இயற்றும்; ஒவ்வொரு மனையிலும் நீர் ஊறாத பரப்பு அளக்கப்படும்; வசூலாகும் தொகை தனிக் கணக்கில் சேர்ந்து வடிகால் பணிக்கே செலவாகும்.

இக்கட்டணத்தை எதை வைத்துக் கணக்கிடுவது என்பதில்தான் நீதி அடங்கியிருக்கிறது. பிலடெல்பியாவில் வணிக மனைகளுக்குத் தண்ணீர் மீட்டரின் அளவே முன்பு அடிப்படையாக இருந்தது. மீட்டர் இல்லாத பரந்த வாகன நிறுத்துமிடங்கள் ஒன்றுமே செலுத்தவில்லை. 2010 முதல் அங்கே நீர் ஊறாத பரப்பு முதன்மை அளவுகோலானது. மழைநீரைத் தம் மனையிலேயே தேக்குவோருக்குச் சலுகையும் கிடைத்தது.

சென்னையில் இத்தகைய கட்டணம் இல்லை. கொசஸ்தலையாறு வடிநிலப் பகுதியின் வடிகால்கள் ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனில் கட்டப்படுகின்றன. அக்கடன் பொதுப்பணத்திலிருந்து திரும்புகிறது. 2015 வெள்ளத்திற்குப் பின் ஆற்றங்கரைக் குடியிருப்புகள் 'ஆக்கிரமிப்பு' என்று அகற்றப்பட்டன. தலித்துகள் பெருமளவில் வாழ்ந்த அக்குடியிருப்புகளின் மக்கள், பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டிய பெரும்பாக்கத்திற்கு அனுப்பப்பட்டனர். அங்கும் வெள்ளம் வந்தது. அதே சதுப்புநிலத்தைச் சுற்றி எழுந்த பெருவளாகங்களோ நிலைத்து நிற்கின்றன.

மிகக் குறைவாகக் கான்கிரீட் போட்டவர்கள் வீட்டையே விலையாகக் கொடுத்துவிட்டனர். எனவே, இங்கும் மழைநீர்க் கட்டணம் வருமானால், குடிசைகளுக்கு விலக்கும் பெருவளாகங்களுக்குப் பரப்புக்கேற்ற கட்டணமும் சட்டத்திலேயே எழுதப்பட வேண்டும் என்று கோருகிறோம்.