வீக்கம் வடிந்தது... தொடை எங்கே போனது?

பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கும் பெண்களிடம் உடம்பைப் பற்றி விசாரித்தால், முதலில் விரல்களைத்தான் காட்டுவார்கள். தோட்டு எண்ணெய் பட்டுக் கறுத்த விரல்கள். சரவாங்கி என்கிற முடக்குவாதமும் வந்துவிட்டால் அவை கணுக்கணுவாக வீங்கியும் இருக்கும். "வலிகூடப் பரவாயில்லீங்க. பத்து மணிக்கெல்லாம் ஒடம்பு அடிச்சிப் போட்ட மாதிரி ஆயிடுது" என்றார் ஒருவர். அவர் வீட்டில் இதற்குப் பெயர் சோம்பல்.

முடக்குவாதம் பற்றி எழுதச் சொன்னார்கள். மூட்டைப் பற்றிப் பேச ஆள் நிறைய உண்டு. மூட்டை இழுத்து அசைக்கும் தசையைத்தான் யாரும் கண்டுகொள்வதில்லை. மூட்டுச் சவ்வைத் தாக்கும் அழற்சி அங்கேயே நின்றுவிடாது. டிஎன்எஃப், இன்டர்லூக்கின்-6 போன்ற புரதங்கள் இரத்தத்தோடு சுற்றிவந்து தசையையும் கரைக்கின்றன. முழங்காலில் நீர் கோத்தால், தொடைக்கு வரும் நரம்புக் கட்டளையே மங்கிவிடும். வலிக்குப் பயந்து அசையாமலிருப்பது மிச்சத்தையும் தின்னும். எடை மெஷினும் ஏமாற்றும். கரைந்த தசையின் இடத்தில் கொழுப்பு வந்து உட்கார்ந்திருக்கும். எதிர்ப்படுகிறவர்கள் "நல்லா சதை போட்டுட்டியே" என்று வேறு சொல்வார்கள்.

சிதம்பரம் கீழ வீதியில் முடக்குவாதம் உள்ள ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார். கோயிலுக்குத் தினமும் போகிறார், ஆனால் உட்காருவதில்லை. உட்கார்ந்தால் தூக்கிவிட ஆள் வேண்டும். வேடிக்கை என்னவென்றால், முழங்காலில் இப்போது வீக்கமே இல்லை.

"எப்படி டீச்சர் வடிஞ்சுது?"

"கடலூர்ல ஒரு எடத்துல பொட்டலம் தராங்க தம்பி. ரெண்டு வேளைதான், பறந்துடும்."

முகம் உப்பியிருந்ததையும் சர்க்கரை ஏறியிருந்ததையும் பார்த்த மருத்துவர் ஒருவர், அதில் ஸ்டீராய்டுதான் இருக்க வேண்டும் என்றாராம்.

எனக்கு இந்த வாரம் முழுக்க இந்தப் பொட்டல நினைப்புதான். ஸ்டீராய்டு அழற்சியை அடக்கும், மறுக்கவில்லை. 1948-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில், முடக்குவாதத்தால் நடக்கவே திண்டாடிய 29 வயதுப் பெண் ஒருவர், கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போட்ட சில நாட்களில் எழுந்து நடந்தார். 1950-ல் அதற்கு நோபல் பரிசும் கிடைத்தது. பின்விளைவுகளின் பட்டியல் நீளவும் அதிக காலம் ஆகவில்லை. அந்தப் பட்டியலில் தசை இளைப்பும் உண்டு. அது முதலில் கை வைப்பது இடுப்பிலும் தொடையிலும். மணையிலிருந்து எழுவது, பஸ் படி ஏறுவது, தலைக்கு மேல் கை தூக்கிக் கொடியில் துணி போடுவது, இவையெல்லாம் ஒவ்வொன்றாகப் போகும். நோய் கரைத்த தசையை மருந்தும் சேர்ந்து கரைத்தால் மிஞ்சுவது என்ன?

அளவு பார்த்து, கொஞ்ச காலத்துக்கு என்று மருத்துவர்களே இதை எழுதித் தருவதுண்டு. அது வேறு கதை. மாதக்கணக்கில் சாப்பிட்டவர்கள் இதைப் படித்துவிட்டுப் பட்டென்று நிறுத்திவிடவும் கூடாது. படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும், இல்லையென்றால் உயிருக்கே ஆபத்து. முடக்குவாதத்துக்கு மருத்துவர்கள் தரும் மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்துகள் வேலை காட்டப் பல வாரம் பிடிக்கும். கூலிக்குப் போகிறவருக்கு அத்தனை வாரம் யார் சோறு போடுவது? பொட்டலம் நுழைகிற சந்து அதுதான். முடக்கத்தான் தோசையிலேயே கேட்கிறது என்பவர்களும் உண்டு. தோசைக்கு நான் எதிரியில்லை.

போன தசை திரும்புமா? பெருமளவு திரும்பும், வேலை கொடுத்தால். நெதர்லாந்தில் 300-க்கும் மேற்பட்ட முடக்குவாதக்காரர்களைக் கொண்ட ஆய்வில், ஏறத்தாழப் பாதிப் பேரை 2 ஆண்டுகள், வாரம் இருமுறை கடுமையாகவே உடற்பயிற்சி செய்ய வைத்தார்கள். 2003-ல் வெளியான முடிவின்படி அவர்களின் இயக்கம் மேம்பட்டது. பயிற்சியால் கை, கால் சிறு மூட்டுகளின் தேய்மானம் கூடவில்லை. பெரிய மூட்டுகள் ஏற்கெனவே கெட்டவர்களுக்குக் கவனம் தேவை என்றும் சொன்னார்கள். நம் வீடுகளில் பாசமாகச் சொல்வதோ "நீ அசையாம படு" என்பதுதான்.

ஆசிரியைக்கு இப்போது பிசியோதெரபிஸ்ட் சொல்லியிருப்பது ஒன்றே: கைப்பிடி இல்லாத நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்கார வேண்டும். நான் பார்த்தபோது நான்கு முறை எழுந்தார். ஐந்தாவதில் தொடை நடுங்கியது, மேசையைப் பிடித்துக்கொண்டார்.

விடைபெறும்போது அலமாரியிலிருந்து பொட்டலத்தை எடுத்துக் காட்டினார். பெயர் இல்லை, தேதி இல்லை. உள்ளே ஆறு வெள்ளை மாத்திரை.

"கொறச்சுக்கிட்டுத்தான் வரேன்" என்றவர், அதைத் திரும்ப அலமாரியில் வைத்துப் பூட்டினார்.